நம்மவரின் வங்கி: ஆகா ஹசன் அபேதியின் எழுச்சியும் வீழ்ச்சியும்

தேசியம், சாதி, பெண்ணியம், இலக்கியம் என்று ஓயாது விவாதித்துக்கொள்ளும் எமது சஞ்சிகைகளில் பணம் பற்றிய பேச்சு அபூர்வமாகவே இடம்பெறுகிறது. வங்கிகளும் மோசடிகளும் பொருளாதார நாளேடுகளுக்குரிய விடயங்கள் என்றும், அவற்றுக்கும் எமது அரசியல் சிந்தனைக்கும் தொடர்பில்லை என்றும் ஒரு எண்ணம் எம்மிடையே நிலவுகிறது. இந்த எண்ணத்துடன் எனக்கு உடன்பாடில்லை. 1991 யூலை 5ஆம் திகதி ஒரே நாளில் பல நாடுகளில் மூடப்பட்ட பாங்க் ஒவ் கிரெடிட் அன்ட் கொமேர்ஸ் இன்டர்நாஷனல் (பி.சி.சி.ஐ.) என்னும் வங்கியின் கதையை வைத்தே இதனை விளக்க விரும்புகிறேன்.

காரணம் எளிமையானது. அது புலம்பெயர்ந்தோரின் வங்கி. அதனை உருவாக்கியவர் ஒரு புலம்பெயர்ந்தவர். அதில் பணத்தை வைத்தவர்களில் பெருந்தொகையானோர் பிரித்தானியாவின் ஆசியக் கடைக்காரர்களும், வளைகுடாவில் வேலைசெய்து ஊருக்குப் பணம் அனுப்பியவர்களும், ஆபிரிக்க நாடுகளின் சிறுவணிகர்களும் ஆவர். “மூன்றாம் உலகின் வங்கி” என்று அது தன்னை அழைத்துக்கொண்டது. அந்த அழைப்பு அதன் வளர்ச்சிக்கு எவ்வளவு உதவியதோ அவ்வளவு அதன் மோசடிக்கும் உதவியது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

லக்னோவிலிருந்து லண்டன்வரை

ஆகா ஹசன் அபேதி 1922இல் பிரித்தானிய இந்தியாவின் லக்னோ பிரதேசத்தில் பிறந்தவர். அவரது குடும்பம் மஹ்மூதாபாத் ராஜாவின் சமஸ்தானத்தில் சேவையாற்றிய குடும்பம். நிலப்பிரபுத்துவ அரண்மனையின் மரியாதைகளும் விருந்தோம்பலும், யாரிடம் எப்படிப் பேசவேண்டும் என்ற நுணுக்கமும் அவருக்கு அங்கிருந்தே வாய்த்தன. 1946இல் ஹபீப் வங்கியில் சேர்ந்தார். பிரிவினையின்பின் பாக்கிஸ்தானுக்குச் சென்றார். 1959இல் சைகோல் என்னும் ஆலை முதலாளிகளின் ஆதரவுடன் யுனைட்டட் வங்கியைத் தொடங்கினார். சில ஆண்டுகளுக்குள் அது பாக்கிஸ்தானின் இரண்டாவது பெரிய வங்கியாகியது.

அபேதியின் தனித்திறமை வாடிக்கையாளரைத் தேடிப்போவது. வெள்ளைக்கார வங்கி முகாமையாளர்கள் மேசைக்குப் பின்னாலிருந்து மனுக்களைப் பெற்றுக்கொண்டிருந்த காலத்தில், இவர் வீடு தேடிச் சென்றார். எண்ணெய் வருமானம் பெருகத் தொடங்குமுன்னரே அபுதாபிக்குச் சென்று, அதன் ஆட்சியாளர் ஷேக் சயீத்தின் நம்பிக்கையைப் பெற்றார். பூட்டோ ஆட்சிக்கு வந்ததும் தனியார் வங்கிகள் தேசியமயமாகப் போகின்றன என்பது தெளிவாகியது. 1974 ஜனவரி 1இல் அது நடந்தேறியது. அதற்கு முன்னரே, 1972இல், அபேதி பி.சி.சி.ஐ.யை உருவாக்கிவிட்டார். அபுதாபி ஆளும் குடும்பம் மூலதனம் வழங்கியது. பாங்க் ஒவ் அமெரிக்கா கால்பங்கை வாங்கிப் பெயருக்கு மதிப்பளித்தது. அடுத்த ஆண்டே எண்ணெய் விலை பலமடங்கு உயர்ந்தது.

வங்கி லக்சம்பேர்க்கில் பதிவானது. ஆனால் அங்கு நடந்த வியாபாரம் மிகச் சொற்பம். நிர்வாகம் லண்டன் நகரின் லெடன்ஹோல் வீதியில் இருந்தது. 1975இல் கேமன் தீவுகளில் இன்னொரு துணை நிறுவனம் தொடங்கப்பட்டது. 1970களின் இறுதிக்குள் பிரித்தானியாவில் மட்டும் நாற்பதுக்கும் மேற்பட்ட கிளைகள் இருந்தன. உச்சத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் கிளைகள். இருபது பில்லியன் டொலர் வரையிலான சொத்துக்கள் எனப் புத்தகக் கணக்கு.

இந்த வளர்ச்சியை வெறும் ஏமாற்று என்று சொல்வது வரலாற்றுக்கு நேர்மையாகாது. எழுபதுகளின் பிரித்தானியாவில் ஒரு குஜராத்தியோ பஞ்சாபியோ கடை வாங்கக் கடன் கேட்டு ஹைஸ்ட்ரீட் வங்கிக்குப் போனால் அவருக்குக் கிடைத்த வரவேற்பு எத்தகையது என்பதை இந்நாடுகளில் வாழும் எவரும் ஊகிக்கலாம். பி.சி.சி.ஐ. கிளையில் அவரது மொழி பேசினார்கள். தேநீர் கொடுத்தார்கள். அவரது வியாபாரம் எப்படிப்பட்டது என்பதைப் புரிந்துகொண்டார்கள். இனவாதம் விட்ட இடைவெளியில்தான் அந்த வங்கி வளர்ந்தது.

மோசடி எவ்வாறு இயங்கியது

பி.சி.சி.ஐ. என்றதும் போதைவஸ்துப் பணம், பனாமாவின் நொரியேகா, சி.ஐ.ஏ. என்ற சொற்களே பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. அவை உண்மை. நொரியேகாவின் கணக்குகள் அங்கு இருந்தன. தானும் அந்த வங்கியைப் பயன்படுத்தியதாக சி.ஐ.ஏ. 1991இல் ஒப்புக்கொண்டது. ஆனால் வங்கியை வீழ்த்தியது கள்ளப்பணம் அல்ல. அதன் வீழ்ச்சிக்கான காரணம் ஐந்தொகைக்குள்ளேயே இருந்தது. மூன்று விடயங்களை விளங்கிக்கொண்டால் போதுமானது.

முதலாவது, ஒரே கடனாளியிடம் சிக்கிக்கொண்டமை. கோகல் சகோதரர்களின் ‘கல்ஃப்’ கப்பல் நிறுவனக் குழுமத்துக்கு வங்கி தனது மூலதனத்தின் அளவைப் பலமடங்கு தாண்டிக் கடன் வழங்கியது. எழுபதுகளின் பிற்பகுதியில் கப்பல் தொழில் சரிந்தது. கடனைத் திரும்பப் பெற முடியவில்லை. நட்டத்தை ஒப்புக்கொண்டால் வங்கியின் மூலதனமே இல்லாமற் போய்விடும். எனவே புதிய பெயர்களில் புதிய கணக்குகள் திறந்து, அவற்றுக்குக் கடன் வழங்கி, அந்தப் பணத்தால் பழைய கடனின் வட்டியைச் செலுத்தியதாகக் காட்டினார்கள். இந்தப் பொய்க்கணக்குகளைப் பராமரிப்பதற்கென்றே ஊழியர்கள் அமர்த்தப்பட்டிருந்தனர்.

இரண்டாவது, பதியப்படாத வைப்புக்கள். இதுவே இந்த மோசடியின் இதயம். ஒருவர் நூறு டொலரை வைப்பிலிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒழுங்கான வங்கியில் நூறு டொலர் காசு வந்தது என்று ஒருபக்கமும், நூறு டொலர் அவருக்குக் கொடுக்கவேண்டும் என்று மறுபக்கமும் எழுதப்படும். பி.சி.சி.ஐ.யில் சில பெரிய வைப்புக்களுக்கு இரண்டாவது பக்கத்தை எழுதாமல் விட்டார்கள். வந்த காசைக் கெட்டுப்போன ஒரு கடன் திருப்பிச் செலுத்தப்பட்டதாகக் காட்டினார்கள். புத்தகத்தில் கெட்ட கடன் மறைகிறது. வைப்பாளருக்கான கடப்பாடும் தென்படுவதில்லை. ஆனால் வைப்பாளர் உயிரோடு இருக்கிறார். அவர் பணத்தைக் கேட்கும் நாளில் இன்னொருவரது வைப்பு எழுதப்படாமற் போகவேண்டும். எண்பதுகளின் நடுப்பகுதியில் நாணய, வட்டி ஊகவணிகத்தில் ஏற்பட்ட பல நூறு மில்லியன் டொலர் நட்டமும் இதே வழியில்தான் மறைக்கப்பட்டது.

சீட்டுப் பிடித்தவர்களுக்கு இது புதிய விடயமாக இராது. தாச்சி ஒருவர் முதல் மாதக் கழிவுக்கப்பால் சேர்ந்த பணத்திலும் கைவைத்துவிட்டால், அடுத்த சீட்டொன்றைத் தொடங்கித்தான் முதற்சீட்டைக் கட்டிமுடிக்க வேண்டும். புதிய ஆட்கள் சேர்ந்துகொண்டிருக்கும்வரை எல்லாம் ஒழுங்காகவே நடக்கும். பி.சி.சி.ஐ. ஏன் அவ்வளவு வெறியுடன் நாட்டுக்கு நாடு கிளை திறந்தது என்பதற்கான விடை இங்குள்ளது. வளர்ச்சி அதன் வெற்றியின் அடையாளமாகக் காட்டப்பட்டது; உண்மையில் நிற்பதற்கே அது ஓடவேண்டியிருந்தது.

மூன்றாவது, பினாமிப் பங்குதாரர்கள். வளைகுடாவின் செல்வந்தர்கள் தமது பெயரைக் கொடுத்தார்கள். வங்கி அவர்களுக்குக் கடன் கொடுத்தது. அந்தக் கடனால் அவர்கள் வங்கியின் பங்குகளையே வாங்கினார்கள். அதாவது வங்கியின் மூலதனம் எனப்பட்டதில் ஒரு பகுதி வங்கியின் சொந்தப் பணம், வைப்பாளர்களின் பணம். இதே முறையில்தான் வோஷிங்டனின் ஃபர்ஸ்ட் அமெரிக்கன் வங்கி 1982இல் இரகசியமாகக் கைப்பற்றப்பட்டது. அதற்குத் தலைமையேற்றவர் அமெரிக்காவின் முன்னாள் பாதுகாப்புச் செயலர் கிளார்க் கிளிஃபோர்ட். உண்மையான உரிமையாளர் யாரென்று தனக்குத் தெரியாது என்றே அவர் இறுதிவரை கூறினார். உடல்நிலை காரணமாக அவர்மீதான வழக்கு நடத்தப்படவில்லை. அவரது கூட்டாளியான சட்டத்தரணி 1993இல் விடுதலையானார்.

அறமும் அறக்கட்டளையும்

அறிவுஜீவிகளாகிய எங்களை நேரடியாகத் தொடும் பகுதி இதுதான். அபேதி அமைதியாகப் பேசுபவர், சூஃபிச் சாயல் கொண்டவர். ஆண்டுதோறும் நடந்த முகாமையாளர் மாநாடுகளில் கடன் விகிதங்களைப் பற்றிப் பேசுவதை விடப் பணிவு, கொடை, பிரபஞ்ச ஒருமை என்பவற்றைப் பற்றியே அதிகம் பேசினார். வங்கியைக் குடும்பம் என்றார். குடும்பத்தில் தகப்பனிடம் கணக்குக் கேட்பது பண்பல்ல என்பது சொல்லாமலே விளங்கியது.

வங்கி தாராளமாகக் கொடுத்தது. மூன்றாம் உலக நிறுவனம் என்ற அறக்கட்டளை நிறுவப்பட்டது. அதன் விருதை ஜூலியஸ் நியரேரே, வில்லி பிராண்ட் போன்றோர் பெற்றனர். 1979இல் ‘தேர்ட் வேர்ல்ட் குவாட்டர்லி’ என்னும் ஆய்வுச் சஞ்சிகையும், தொடர்ந்து ‘சவுத்’ என்னும் மாத இதழும் அல்தாஃப் கௌஹரை ஆசிரியராகக் கொண்டு வெளிவந்தன. வடக்கின் ஆதிக்கத்திற்கெதிராகத் தெற்கின் குரல் என்று நாம் மதித்த பலர் அவற்றில் எழுதினர். ஜிம்மி கார்ட்டரின் குளோபல் 2000 திட்டத்துக்கு மில்லியன் கணக்கான டொலர் சென்றது.

இவை எல்லாம் முகமூடி என்று ஒதுக்கிவிட முடியாது. கராச்சியின் ஒராங்கிச் சேரியில் 1980இல் அக்தர் ஹமீத் கான் தொடங்கிய முன்னோடித் திட்டம் அபேதியின் அழைப்பிலும் பணத்திலும் பிறந்தது. அங்கு மக்கள் ஒழுங்கை ஒழுங்கையாகத் தாமே பணம் சேர்த்து, தாமே கழிவுக்குழாய் பதித்தனர். அரச ஒப்பந்தக்காரர்கள் கேட்ட தொகையின் சிறு பங்குடன் வேலை முடிந்தது. உலகெங்கும் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டும் திட்டம் அது. ‘தேர்ட் வேர்ல்ட் குவாட்டர்லி’ வங்கி அழிந்த பின்னும் தொடர்ந்து வெளிவந்தது. கெட்ட பணத்தில் நல்ல காரியம் நடந்தால் அதை எப்படி மதிப்பிடுவது?

எனது விடை இதுதான். காரியம் நல்லது. அதைச் செய்தவர்களை யாரும் பழிக்கத் தேவையில்லை. ஆனால் அந்த நன்மை எங்கு வைப்பிலிடப்பட்டது என்று பார்க்கவேண்டும். சவுத்தோலிலும் பிராட்ஃபோர்டிலும் கடைக்காரர்கள் இந்த வங்கியில் பணம் போட்டதற்கு அதன் வட்டிவீதம் மட்டும் காரணமல்ல. முன்னாள் சனாதிபதிகளும் விடுதலைத் தலைவர்களும் அபேதியின் பக்கத்தில் நின்ற படங்களும் ஒரு காரணம். அறக்கொடை வங்கியின் செலவல்ல. அது வைப்புக்களைக் கொண்டுவந்த முதலீடு. விருதையும் நிதியையும் ஏற்ற அறிவுஜீவிகள், தாம் அறியாமலே, வங்கியின் பிணையாளிகளாக நின்றனர்.

யாரும் ஏன் தடுக்கவில்லை

நீண்டகாலம் இது எப்படி நீடித்தது? வங்கிக்கு நாடு இல்லை என்பதே முதற்காரணம். லக்சம்பேர்க் அதிகாரிகள் வியாபாரம் லண்டனில் நடக்கிறது என்றனர். இங்கிலாந்து வங்கி பதிவு லக்சம்பேர்க்கில் என்றது. கேமன் தீவுகள் எதுவுமே கேட்கவில்லை. லக்சம்பேர்க் பக்கத்தை ஒரு கணக்காய்வு நிறுவனமும் கேமன் பக்கத்தை இன்னொரு நிறுவனமும் பார்த்தன. முழுவதையும் ஒருசேரப் பார்த்தவர் 1987 வரை எவரும் இல்லை. ஒரு பக்கத்தில் கணக்கெடுக்கும்போது ஓட்டை மறுபக்கத்துக்கு நகர்த்தப்பட்டது. எங்களில் ஒருவர் ஓர் எல்லையைக் கடப்பதற்கு எத்தனை முத்திரைகள், எத்தனை விசாரணைகள் என்பதை நாம் அறிவோம். பில்லியன் கணக்கான டொலர் எல்லைகளைக் கடந்தபோது அதனை எவரும் மறிக்கவில்லை.

இரண்டாவது காரணம், சந்தேகம் இருந்தும் செயற்படாமை. இங்கிலாந்து வங்கி 1980இலேயே பி.சி.சி.ஐ.க்கு முழு வங்கி அந்தஸ்தை மறுத்து, வைப்பேற்கும் நிறுவனம் என்ற இரண்டாந்தர உரிமத்தை மட்டும் வழங்கியது. அதாவது அதிகாரிகள் அதை நம்பவில்லை. ஆனால் வைப்பேற்பதையும் நிறுத்தவில்லை. 1988 ஒக்டோபரில் புளோரிடாவின் தாம்பாவில் சுங்கத்துறையின் இரகசிய அலுவலர்கள் ஒரு போலித் திருமணத்துக்கு அழைத்து வங்கியின் அதிகாரிகளைக் கைதுசெய்தனர். 1990 ஜனவரியில் கள்ளப்பணத்தைச் சலவை செய்த குற்றத்தை வங்கியே ஒப்புக்கொண்டது. அதன்பின்னும் ஒன்றரை ஆண்டு லண்டன் கிளைகள் சாதாரண மக்களின் பணத்தை வாங்கிக்கொண்டிருந்தன. 1990 வசந்தத்தில் கணக்காய்வாளர்கள் பாரதூரமான விடயங்களைக் கண்டபின்னும், அபுதாபி மேலதிகப் பணம் தரும் என்ற உறுதியின்பேரில் கணக்குகள் ஒப்பமிடப்பட்டன. இந்த மேற்பார்வை போதாதென்று 1992 ஒக்டோபரில் பிங்கம் நீதியரசரின் விசாரணை அறிக்கை கூறியது.

மூடலும் தீர்ப்பும்

‘மணற்புயல்’ என்ற குறியீட்டுப் பெயருடைய கணக்காய்வு அறிக்கை 1991 யூனில் இங்கிலாந்து வங்கிக்குக் கிடைத்தது. யூலை 5, வெள்ளிக்கிழமை மதியம், முன்னறிவித்தல் எதுவுமின்றிக் கிளைகள் மூடப்பட்டன. பிரித்தானியாவில் மட்டும் ஓரிலட்சத்துக்கும் அதிகமான வைப்பாளர்கள். உலகில் பத்து இலட்சத்துக்கும் அதிகமானோர். ஸ்கொட்லாந்தின் மேற்குத் தீவுகள் மாவட்டசபை 23 மில்லியன் பவுணை இழந்தது. அன்றைய பிரித்தானியச் சட்டப்படி முதல் 20,000 பவுணின் முக்கால்பங்கு, அதாவது ஆகக்கூடியது 15,000 பவுண் மட்டுமே ஒருவருக்குப் பாதுகாப்பு. கடையின் நடைமுறைப் பணம் முழுவதையும் அங்கு வைத்திருந்தவருக்கு அது எதற்கும் போதாது.

1991 யூலை 29இல் நியூயோர்க்கின் அரச வழக்கறிஞர் ரொபேர்ட் மோர்கந்தோ அபேதிமீதும் அவரது வலது கையான சுவாலே நக்வி மீதும் குற்றம் சுமத்தினார். 1988இலேயே மாரடைப்பு வந்து, இருதய மாற்றுச் சிகிச்சை பெற்றிருந்த அபேதி கராச்சியில் இருந்தார். பாக்கிஸ்தான் அவரை ஒப்படைக்க மறுத்தது. 1994இல் அபுதாபி நீதிமன்றம் வங்கியின் பன்னிரண்டு அதிகாரிகளைக் குற்றவாளிகளாகக் கண்டது. அவர் சமூகமளிக்காமலே அபேதிக்கு எட்டு ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவரை முதன்முதல் நம்பிய ஊரே அவருக்குத் தண்டனை விதித்தது. நக்வி அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைசென்றார். அபாஸ் கோகல் 1997இல் லண்டனில் தண்டிக்கப்பட்டார். அபேதி ஒருநாளும் சிறையில் இருக்கவில்லை. 1995 ஓகஸ்டில் கராச்சியில் காலமானார்.

வைப்பாளர்களுக்கு இறுதியில் முக்கால் பங்குக்கும் அதிகமான பணம் திரும்பியது. ஆனால் அதற்கு இருபது ஆண்டுகள் எடுத்தன. இங்கிலாந்து வங்கிக்கெதிராக 1993இல் தொடுக்கப்பட்ட வழக்கு 2005 நவம்பரில் கைவிடப்பட்டது. இன்னொரு வழக்கு குறைவாகவே பேசப்படுகிறது. மோசடியில் எந்தப் பங்குமில்லாத சாதாரண ஊழியர்கள், பி.சி.சி.ஐ.யில் வேலைசெய்தவர் என்ற ஒரே காரணத்தால் வேறு வேலை பெறமுடியாது தவித்தனர். அந்தக் கறைக்கு நட்டஈடு கோரலாம் என 1997இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. சட்டம் உரிமையை ஏற்றுக்கொண்டது, கறையைக் கழுவவில்லை.

இரண்டு வசதியான வாசிப்புக்கள்

இக்கதைக்கு இரண்டு வாசிப்புக்கள் உள்ளன. மேற்கின் ஊடகங்கள் கீழைத்தேயச் சூழ்ச்சிக்காரர்களின் கதையாக இதனை எழுதின. லக்சம்பேர்க்கும் கேமன் தீவுகளும் பெயர்பெற்ற கணக்காய்வு நிறுவனங்களும் வோஷிங்டன் சட்டத்தரணிகளும் கீழைத்தேயத்தில் இல்லை என்பதை அவை வசதியாக மறந்தன. மறுபுறம், மூன்றாம் உலகின் வங்கி தலைதூக்குவதைப் பொறுக்காமல் வெள்ளையர் செய்த சதி என்றது நம்மவரின் வாசிப்பு. கராச்சியில் இன்றும் அபேதியைக் கொடைவள்ளலாக நினைவுகூர்வோர் உண்டு. மேற்கத்தைய வங்கிகளும் கள்ளப்பணத்தைக் கையாண்டன, அவற்றை யாரும் ஒரே நாளில் மூடவில்லை என்ற வாதத்தில் உண்மையுண்டு. ஆனால் அந்த உண்மை பதியப்படாமற் போன ஒரு வைப்பையும் பதிந்துவிடாது. ஏமாற்றப்பட்டவர்களும் மூன்றாம் உலகத்தவரே.

நம்மவர் என்ற நம்பிக்கையில் பிழையில்லை. உண்டியல்மூலம் ஊருக்குப் பணம் அனுப்புகிறோம், ரசீது கேட்பதில்லை. அது பெரும்பாலும் போய்ச்சேர்கிறது. ஏனெனில் உண்டியல்காரரின் ஊர் தெரியும், உறவு தெரியும். பிழைவிட்டால் அவர் முகங்கொடுத்தாக வேண்டும். அந்த நம்பிக்கைக்குப் பின்னால் ஒரு கட்டுப்பாடு உண்டு. அபேதி அந்த நம்பிக்கையின் மொழியை எடுத்துக்கொண்டார், கட்டுப்பாட்டை விட்டுவிட்டார். தேநீரும் தாய்மொழியும் சவுத்தோலில் கிடைத்தன. கணக்குப் புத்தகம் கேமன் தீவுகளில் இருந்தது. ஊர் அளவிலான நம்பிக்கையை உலக அளவுக்கு விரிக்கும்போது, ஊரின் கண்காணிப்புக்குப் பதிலாக எழுத்திலான, வெளியார் பார்க்கக்கூடிய கணக்கு வேண்டும்.

இதிலிருந்து எமது சூழலுக்கு வருவது நீண்ட பயணமல்ல. கடந்த பல ஆண்டுகளில் கோயில்கள், பாடசாலைகள், ஊர்ச்சங்கங்கள், நிவாரண அமைப்புக்கள், விடுதலையின் பெயரிலான நிதிகள் என்று புலம்பெயர்ந்த தமிழர்களிடம் சேர்க்கப்பட்ட பணம் கொஞ்சநஞ்சமல்ல. கணக்குக் கேட்டவர்கள் எம்மிடையே எப்படி அழைக்கப்பட்டனர் என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. கேள்வி கேட்பது துரோகம் என்ற நிலை எங்கு உருவாகிறதோ, அங்கு நேர்மையான நிர்வாகிக்கும் தனது நேர்மையை நிரூபிக்க வழியற்றுப் போகிறது. பி.சி.சி.ஐ.யின் நேர்மையான ஊழியர்களுக்கு நேர்ந்ததும் அதுவே.

பி.சி.சி.ஐ.யின் பின்னர் சர்வதேச வங்கி மேற்பார்வையாளர்கள் 1992இல் ஒரு குறைந்தபட்ச நியதியை வகுத்தனர்: பல நாடுகளில் இயங்கும் ஒவ்வொரு வங்கியையும் ஏதாவதொரு நாட்டின் அதிகாரி முழுமையாக, ஒருசேரப் பார்த்தாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 1995இல் வங்கியின் பதிவும் தலைமையகமும் ஒரே நாட்டில் இருக்கவேண்டுமென விதித்தது. எமது அமைப்புக்களுக்கும் இதனை ஒத்த எளிய நியதி சாத்தியமே. வருடத்துக்கு ஒருமுறை வரவு, செலவு, கடன் ஆகியவற்றை நிர்வாகத்தில் இல்லாத ஒருவர் ஒருசேரப் பார்த்து எழுத்தில் வெளியிடட்டும். நன்கொடையில் இயங்கும் சிறுசஞ்சிகைகளும் இதற்கு விலக்கல்ல. இதனை ஏற்காதோர் தமது காரணங்களை இப்பக்கங்களிலேயே எழுதவேண்டும்.